விளம்பரதாரர் போய் வாசகர் வந்தார்: கேமிங் செய்தித் தளங்கள் சந்தாவில் நிலைக்குமா?

அமெரிக்காவின் வாக்ஸ் மீடியா நிறுவனம், 2012-ஆம் ஆண்டு முதல் தான் நடத்தி வந்த பாலிகன் என்ற வீடியோ கேம் செய்தித் தளத்தை 2025 மே 1-ஆம் தேதி கனடாவைச் சேர்ந்த வால்நெட் நிறுவனத்துக்கு விற்றது. அன்றே அத்தளத்தின் பணியாளர்கள் பலர் வேலை இழந்தனர். நிறுவனர்களில் ஒருவரும் தலைமை ஆசிரியருமான கிறிஸ் பிளான்ட்டும் அவர்களில் ஒருவர்.

அடுத்த பத்து நாள்களுக்குள் இதற்கு நேர்மாறான ஓர் அறிவிப்பு வெளியானது. ஃபேன்டம் நிறுவனத்தின் வசம் இருந்த ஜயன்ட் பாம்ப் என்ற கேமிங் தளத்தை, அங்கே பணியாற்றிய ஜெஃப் பக்கலார், ஜெஃப் கிரப் ஆகிய இருவரும் விலைக்கு வாங்கினர். இனி அத்தளம் அதன் சந்தாதாரர்களை முதன்மையாக நம்பி இயங்கும் என்று அறிவிக்கப்பட்டது.

ஒரே மாதத்தில் நிகழ்ந்த இவ்விரு மாற்றங்களும், கேமிங் இதழியல் இன்று நிற்கும் இடத்தைக் காட்டுகின்றன. விளம்பர வருவாயில் வளர்ந்த பெரிய தளங்கள் கைமாறுகின்றன அல்லது மூடப்படுகின்றன. அங்கிருந்து வெளியேறியவர்கள், வாசகர் தரும் மாதச் சந்தாவைக் கொண்டு சிறிய தளங்களைத் தொடங்குகின்றனர். இந்த முறை அவர்களுக்குச் சுதந்திரத்தைத் தந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், ஏற்கெனவே பெயர் பெற்றவர்களைத் தாண்டிப் புதியவர்களையும் அது தாங்குமா என்ற கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. இந்தியாவைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே முதன்மையானது.

ஒரு விமர்சனத்தில் தொடங்கிய கதை

கேமிங் செய்தித் தளங்களுக்கு ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. அவை எந்த நிறுவனங்களின் படைப்புகளை விமர்சிக்கின்றனவோ, அதே நிறுவனங்களே அவற்றின் முதன்மை விளம்பரதாரர்களாகவும் இருந்து வந்துள்ளன.

இச்சிக்கல் 2007 நவம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. கேம்ஸ்பாட் தளத்தின் மூத்த ஆசிரியர்களில் ஒருவரான ஜெஃப் கெர்ஸ்ட்மன், 'கேன் அண்ட் லிஞ்ச்' என்ற விளையாட்டுக்குச் சுமாரான மதிப்பெண் வழங்கினார். அவ்விளையாட்டை வெளியிட்ட ஐடாஸ் நிறுவனத்தின் விளம்பரங்கள் அப்போது அத்தளம் முழுவதும் இடம்பெற்றிருந்தன. சில நாள்களில் கெர்ஸ்ட்மன் பணிநீக்கம் செய்யப்பட்டார். விளம்பரதாரர் அழுத்தம் இதற்குப் பின்னால் இருந்ததை, ஒப்பந்தக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு 2012-இல் அவரே வெளிப்படையாகக் கூறினார்.

அவரும், அவரைத் தொடர்ந்து வெளியேறிய நண்பர்களும் 2008-இல் தொடங்கிய தளம்தான் ஜயன்ட் பாம்ப். 2010-இல் அங்கே கட்டணச் சந்தா அறிமுகமானது. பின்னர் அத்தளம் சிபிஎஸ் இன்டராக்டிவ், ரெட் வென்ச்சர்ஸ், ஃபேன்டம் எனப் பல உரிமையாளர்களிடம் கைமாறியது. 2025-இல் ஃபேன்டம் நிர்வாகத்துடன் கருத்து வேறுபாடு முற்றி, முக்கியப் பணியாளர்கள் விலகுவதாக அறிவித்த நிலையில், இறுதியில் தளமே அவர்களிடம் திரும்பி வந்தது. விளம்பரதாரரின் செல்வாக்குக்கு எதிராகப் பிறந்த ஒரு தளம், பணியாளர்களின் கைக்கு மீள 17 ஆண்டுகள் ஆயின.

விளம்பரம் மட்டுமே அழுத்தத்துக்கான கருவி அன்று. 2015-இல், வெளியாகாத விளையாட்டுகள் குறித்த தகவல்களை வெளியிட்டதால் பெதஸ்டா, யுபிசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் தங்களுடன் தொடர்பைத் துண்டித்துவிட்டதாக கொட்டாக்கு தளத்தின் அப்போதைய ஆசிரியர் ஸ்டீபன் டோட்டிலோ எழுதினார். முன்கூட்டியே விளையாட்டின் பிரதி கிடைக்காத தளம், வெளியீட்டு நாளன்று விமர்சனம் தர இயலாது. அன்று வரவேண்டிய வாசகர் வராவிட்டால், விளம்பர வருவாயும் வராது.

தேடுபொறிக்காக எழுதப்பட்ட செய்திகள்

விளம்பர முறையின் இரண்டாவது குறை, அது எண்ணிக்கையை மட்டுமே அறியும் என்பது. ஒரு நிறுவனத்தில் ஊழியர்கள் கூடுதல் நேர வேலையால் சோர்ந்துபோவதைப் பற்றிய புலனாய்வுச் செய்திக்கு மூன்று மாத உழைப்பு தேவைப்படலாம். 'இந்தக் கட்டத்தை எப்படிக் கடப்பது' என்ற வழிகாட்டியை ஒரே பிற்பகலில் எழுதிவிடலாம். தேடுபொறி வழியாக வருவோரை எண்ணினால், பெரும்பாலும் இரண்டாவதே வெல்லும்.

2024 மார்ச்சில் கொட்டாக்கு தளத்தின் தலைமை ஆசிரியர் ஜென் கிளென்னன் பதவி விலகினார். செய்திகளைக் குறைத்து வழிகாட்டிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்ற நிர்வாகத்தின் முடிவே அதற்குக் காரணம். அடுத்த ஆண்டு அத்தளம் கெலியாப்ஸ் என்ற ஐரோப்பிய நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2023-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் தனது கேமிங் பிரிவான லாஞ்சரை மூடியது. அதே ஆண்டில் வைஸ் நிறுவனம் தனது வேபாயின்ட் தளத்தை நிறுத்தியது.

இவற்றுள் வாசகர்களை அதிகம் அதிரவைத்தது கேம் இன்ஃபார்மர் இதழின் முடிவு. 33 ஆண்டுகள் வெளிவந்த அவ்விதழை, 2024 ஆகஸ்ட் 2-ஆம் தேதி கேம்ஸ்டாப் நிறுவனம் மூடியது. இணையதளம் முழுவதும் நீக்கப்பட்டு, ஒற்றைப் பக்க விடைபெறும் கடிதம் மட்டுமே அங்கே எஞ்சியது. 2025 மார்ச்சில் கன்ஸில்லா என்ற விளையாட்டுத் தயாரிப்பு நிறுவனம் அதை வாங்கி, பழைய குழுவுடனும் காப்பகத்துடனும் மீண்டும் தொடங்கியது. ஆசிரியர் குழு தன்னிச்சையாகச் செயல்படும் என்ற உறுதியும் அளிக்கப்பட்டது. ஆயினும், மூன்று தலைமுறை வாசகர்கள் படித்த எழுத்தை ஒரே நாளில் உரிமையாளர் அழித்துவிட முடியும் என்ற பாடம் மறக்கப்படவில்லை.

வெளியேறியவர்கள் கட்டிய தளங்கள்

வாசகர் நிதியில் இயங்கும் இன்றைய தளங்களில் பல, இத்தகைய பணிநீக்கங்களின் மறுநாளில் பிறந்தவை. 2019-இல் கேம் இன்ஃபார்மரில் ஆள்குறைப்பு நடந்த பின்னர் அங்கிருந்து வந்த பென் ஹேன்சன் மின்மேக்ஸ் தளத்தைத் தொடங்கினார். வேபாயின்ட் மூடப்பட்டதும் அதன் குழுவினர் சிலர் ரீமேப் தளத்தைத் தொடங்கினர். கொட்டாக்குவின் முன்னாள் செய்தியாளர்கள் ஐவர், 2023 நவம்பரில் ஆஃப்டர்மேத் என்ற தளத்தைத் தொடங்கி, அதைத் தாங்களே உரிமையாக்கிக்கொண்டனர். டோட்டிலோவும் அதே ஆண்டில் கேம் ஃபைல் என்ற மின்னஞ்சல் செய்திமடலைத் தொடங்கினார்.

அதே மாதத்தில் நிகழ்ந்த மற்றொன்று மேலும் தெளிவானது. தி எஸ்கேப்பிஸ்ட் தளத்தின் தலைமை ஆசிரியர் நிக் கலாண்ட்ரா பணிநீக்கம் செய்யப்பட்டார். உடனே அவருடைய காணொலிக் குழுவினர் ஒட்டுமொத்தமாக விலகி, மறுநாளே செகண்ட் விண்ட் என்ற புதிய அமைப்பை அறிவித்தனர். பேட்ரியான் தளத்தின் வழியாகச் சந்தாதாரர்கள் விரைந்து திரண்டனர்.

ஆனால் அவர்கள் ஒன்றை விட்டுவிட்டு வர நேர்ந்தது. விமர்சகர் பென் குரோஷா 2007 முதல் நடத்தி வந்த 'ஜீரோ பங்க்சுவேஷன்' நிகழ்ச்சியின் பெயரும் பழைய தொகுப்புகளும் நிறுவனத்துக்கே சொந்தமாக இருந்தன. எனவே அவர் வேறு பெயரில் முதலிலிருந்து தொடங்கினார். குரல் எழுத்தாளருடையது, பெயர் முதலாளியுடையது என்ற அந்த ஏற்பாட்டையே புதிய தளங்கள் முதலில் மாற்றியமைக்கின்றன. பெயர், காப்பகம், சந்தாதாரர்களின் மின்னஞ்சல் பட்டியல் ஆகிய மூன்றும் பணியாளர்களிடமே இருக்க வேண்டும் என்பது அவற்றின் முதல் விதி.

இதற்கு முன்மாதிரி கேமிங் துறைக்கு வெளியே இருந்து வந்தது. டெட்ஸ்பின் என்ற அமெரிக்க விளையாட்டுச் செய்தித் தளத்தின் பணியாளர்கள், நிர்வாகத்தின் தலையீட்டை எதிர்த்து 2019-இல் கூட்டாக விலகினர். 2020-இல் அவர்கள் டிஃபெக்டர் என்ற தளத்தைத் தொடங்கினர். முதல் ஆண்டில் அது ஈட்டிய சுமார் 32 லட்சம் டாலரில் மிகப் பெரும்பகுதி சந்தாவிலிருந்தே வந்தது. விளம்பரமின்றியும் ஓர் ஆசிரியர் குழு முறையான ஊதியத்துடன் இயங்க முடியும் என்பதற்கு அது சான்றாக அமைந்தது.

சந்தாவின் கணக்கு

சந்தாத் தளத்தின் பொருளாதாரத்தை ஓர் அனுமானக் கணக்கால் விளக்கலாம். இந்தியாவில் ஐந்து பேர் கொண்ட கேமிங் செய்தித் தளம் ஒன்று, மாதம் 150 ரூபாய் சந்தாவில் 4,000 பேரைத் திரட்டியிருப்பதாகக் கொள்வோம். மாத வரவு 6 லட்சம் ரூபாய். அதில் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளடங்கியிருந்தால், வரி போக மிஞ்சுவது சுமார் 5 லட்சத்து 8 ஆயிரம் ரூபாய். பணப்பரிமாற்றக் கட்டணத்தையும் கழித்தால் ஏறத்தாழ 4 லட்சத்து 95 ஆயிரம் ரூபாய்.

ஐவருக்கும் தலா 60,000 ரூபாய் ஊதியம் எனில் 3 லட்சம் ரூபாய் செலவாகும். எஞ்சிய தொகையில் இணைய வழங்கி, கணினிகள், விளையாட்டுகளை வாங்கும் செலவு, கணக்காளர், வழக்கறிஞர், வெளி எழுத்தாளர்களுக்கான மதிப்பூதியம் ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். இது இயலாத கணக்கு அன்று. ஆனால் ஒரே ஒரு வழக்கு அதைக் குலைத்துவிடப் போதும்.

வரவைவிடக் கடினமானது கசிவு. மாதந்தோறும் 5 சதவீதச் சந்தாதாரர்கள் விலகினால், முதல் மாதத்தில் 200 பேர் போய்விடுவர். புதியவர் எவரும் சேராவிட்டால், ஓராண்டு முடிவில் தொடக்கத்தில் இருந்தவர்களில் சுமார் 54 சதவீதத்தினரே எஞ்சுவர். அதாவது, வளர்வதற்காக அல்லாமல், நின்ற இடத்திலேயே நிற்பதற்கும் ஒவ்வொரு மாதமும் ஏறத்தாழ 200 புதியவர்களை ஈர்த்தாக வேண்டும்.

இதனால்தான் இத்தகைய தளங்களில் வளர்ச்சி என்ற சொல்லின் பொருளே மாறுகிறது. விளம்பரத் தளத்துக்கு, ஒரு நாளில் ஒருமுறை வந்துபோகும் ஒரு லட்சம் பேர் வேண்டும். சந்தாத் தளத்துக்கு, ஆண்டு முழுவதும் திரும்பி வரும் சில ஆயிரம் பேர் போதும். எனவே ஆண்டுச் சந்தாவுக்குத் தள்ளுபடி, நண்பருக்குப் பரிசுச் சந்தா, வாராந்திர பாட்காஸ்ட், சந்தாதாரர்களுக்கான உரையாடல் குழு, ஆண்டுதோறும் வரவு செலவை வெளியிடும் அறிக்கை ஆகியவை அவற்றின் வழக்கமான உத்திகளாக உள்ளன. இவற்றுள் வரவு செலவு அறிக்கை வெறும் விளம்பர உத்தி அன்று. பணம் எங்கே போகிறது என்பதைக் காணும் வாசகர், அடுத்த ஆண்டும் தொடர்வதற்கான காரணத்தை அதில் கண்டறிகிறார்.

இடைத்தரகர்களின் பங்கும் குறைவானதன்று. சப்ஸ்டாக் தளம் சந்தா வருவாயில் 10 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. 2025 ஆகஸ்ட் முதல் புதிதாகச் சேர்வோரிடம் பேட்ரியானும் 10 சதவீதம் பெறுகிறது. ஐபோன் செயலியின் உள்ளேயே சந்தா செலுத்தினால், ஆப்பிள் நிறுவனத்தின் 30 சதவீதக் கட்டணமும் சேரக்கூடும். ஒரு விளம்பரதாரரிடமிருந்து விடுபட்ட தளம், மற்றொரு பெருநிறுவனத்தின் விதிமுறை மாற்றத்துக்குக் காத்திருக்கும் நிலை இது.

வாசகர் என்ற புதிய முதலாளி

சந்தா முறை எல்லா அழுத்தங்களையும் நீக்கிவிடுவதில்லை; அழுத்தம் வரும் திசையை மாற்றுகிறது. ரசிகர்கள் பெரிதும் எதிர்பார்த்த ஒரு விளையாட்டுக்குக் குறைந்த மதிப்பெண் அளித்தால், முன்பு விளம்பரதாரர் கோபித்தார். இப்போது சந்தாதாரர் கோபித்து விலகலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு பெரிய விளம்பரதாரர் விலகினால் அது ஒரு மாத வருவாயையே பாதிக்கும். ஒரு சந்தாதாரர் விலகினால் 150 ரூபாய் மட்டுமே குறையும். அதிகாரம் பலரிடம் சிதறிக் கிடப்பதே இம்முறையின் உண்மையான பாதுகாப்பு.

மற்றொரு முரண்பாடும் உள்ளது. பணிநீக்கங்கள், பணியிடத் துன்புறுத்தல், சிறுவர்களைச் செலவழிக்கத் தூண்டும் விளையாட்டு வடிவமைப்பு ஆகியவை குறித்த செய்திகள் பரவலாகச் சென்றடைய வேண்டியவை. அவற்றைக் கட்டணச் சுவருக்குள் வைத்தால், ஏற்கெனவே அறிந்தவர்களே மீண்டும் படிப்பர். திறந்து வைத்தால், பணம் செலுத்துவோருக்குத் தனியாக என்ன கிடைக்கிறது என்ற கேள்வி எழும். எனவே பொதுநலச் செய்திகளை அனைவருக்கும் திறந்துவைத்து, நெருக்கமான உரையாடல்களையும் கூடுதல் நிகழ்ச்சிகளையும் சந்தாதாரர்களுக்கு ஒதுக்குவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகிறது.

இந்தியாவில் என்ன தடை?

விளம்பரமற்ற இதழியல் இந்திய வாசகர்களுக்குப் புதிதன்று. 2012-இல் தொடங்கிய நியூஸ்லாண்ட்ரி, வாசகர் சந்தாவையே முதன்மை வருவாயாகக் கொண்டுள்ளது. குறிப்பிட்ட ஒரு புலனாய்வுக்கு மட்டும் வாசகர்களிடம் நிதி திரட்டும் முறையையும் அது பின்பற்றுகிறது. தி நியூஸ் மினிட் தளத்துடன் இணைந்து அது கூட்டுச் சந்தாவும் வழங்குகிறது. அரசியல் செய்திக்குப் பயன்பட்ட இம்முறை கேமிங் செய்திக்கும் பயன்பட வாய்ப்புண்டு. ஆனால் அதற்குச் சில தடைகள் உள்ளன.

முதலாவது, பணம் செலுத்தும் முறை. 2021 அக்டோபர் 1 முதல், அட்டைகளில் தானாகப் பிடிக்கப்படும் தொகைகளுக்கு ரிசர்வ் வங்கி புதிய விதிகளை நடைமுறைப்படுத்தியது. முதல் முறை கூடுதல் சரிபார்ப்பு, ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு ஆகியவை கட்டாயமாயின. நுகர்வோருக்கு இது நல்ல பாதுகாப்பு. அதேவேளையில், இவ்விதிகளுக்கு ஏற்ப மாறாத வெளிநாட்டுத் தளங்களில் இந்திய அட்டைகளின் சந்தா புதுப்பித்தல் தோல்வியடைந்தது. யுபிஐ ஆட்டோபே வசதி உள்நாட்டுத் தளங்களுக்கு இச்சிக்கலை எளிதாக்கியுள்ளது. ஆயினும், மாதந்தோறும் வரும் முன்னறிவிப்பு, 'இது தேவையா' என்ற கேள்வியை வாசகரிடம் மாதந்தோறும் எழுப்புகிறது. மறதியால் தொடரும் சந்தாவுக்கு இங்கே இடம் குறைவு.

இரண்டாவது, விளம்பரச் சந்தையின் மாற்றம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளையும் அவற்றுக்கான விளம்பரங்களையும் தடை செய்கிறது. அத்தகைய விளம்பரத்துக்கு 2 ஆண்டுகள் வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். கிரிக்கெட் ஒளிபரப்பு முதல் யூடியூப் காணொலிகள் வரை பரவியிருந்த இவ்விளம்பரங்கள் மறைந்ததால், பொதுமக்களுக்கு நன்மை உண்டு. ஆனால் கேமிங் தொடர்பான உள்ளடக்கத்துக்குப் பணம் வந்த வழிகளில் ஒன்றும் அடைபட்டது.

இச்சட்டமே, சுதந்திரமான கேமிங் இதழியல் ஏன் தேவை என்பதற்கும் சான்று. எது பண விளையாட்டு, எது மின்விளையாட்டுப் போட்டி, தடை செய்யப்பட்ட செயலியில் சிக்கிய பணத்தைப் பெறுவது எப்படி என்ற கேள்விகள் சாதாரணக் குடும்பங்களையும் தொடுபவை. அவற்றுக்கு விடை தேடும் செய்தியாளர், அதே நிறுவனங்களின் விளம்பரத்தில் ஊதியம் பெறுபவராக இருந்தால் வாசகர் எதை நம்புவது?

இன்று இந்தியாவில், தமிழ் உள்ளிட்ட மொழிகளில், கேமிங் பற்றி இளைஞர்கள் அறிவது பெரும்பாலும் யூடியூப் படைப்பாளிகளின் வழியாகத்தான். அவர்களில் பலர் நிறுவனங்களின் ஆதரவுத் தொகையை நம்பியுள்ளனர். பணம் பெற்று வெளியிடும் பதிவுகளில் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பணம் பெற்றதை அறிவிப்பது நேர்மை; ஆனால் அது சுதந்திரத்துக்கு மாற்று ஆகாது.

ஏணி இல்லாத வீடு

வெற்றி பெற்ற தளங்களின் பட்டியலை மீண்டும் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். கெர்ஸ்ட்மன், டோட்டிலோ, குரோஷா, ஆஃப்டர்மேத் குழுவினர் ஆகிய அனைவரும் விளம்பரத்தில் இயங்கிய நிறுவனங்களில் பல ஆண்டுகள் ஊதியம் பெற்று, தொழில் கற்று, பெயர் ஈட்டிய பிறகே வாசகரிடம் சந்தா கேட்டனர். முதல் நாளிலேயே ஆயிரக்கணக்கானோர் பணம் செலுத்த முன்வந்ததற்குக் காரணம், அவர்களுடைய எழுத்தை வாசகர்கள் நெடுங்காலம் இலவசமாகப் படித்திருந்ததுதான்.

அந்த நிறுவனங்கள் மூடப்படும்போது, அடுத்த தலைமுறை ஏறிவர வேண்டிய ஏணியும் அகற்றப்படுகிறது. ஐந்து பேர் கொண்ட தளத்தில் பயிற்சிச் செய்தியாளருக்கு இடமில்லை. பிழையைத் திருத்திக் கற்றுத்தரும் துணை ஆசிரியருக்கும் இடமில்லை. அமெரிக்காவில் ஏணி இருந்து, இப்போது உடைகிறது. இந்தியாவில் கேமிங் செய்திக்கென அத்தகைய ஏணி வலுவாக அமையவே இல்லை. அதனால் இங்கே தொடங்கப்படும் சந்தாத் தளம், முன்பே திரண்ட வாசகர் கூட்டத்தை நம்ப முடியாது. நம்பிக்கையைப் புதிதாக, மெதுவாக ஈட்ட வேண்டியிருக்கும்.

இதற்கான வழிகள் முற்றிலும் இல்லாமல் இல்லை. முழுத் தளத்தைத் தொடங்கும் முன், வாரம் ஒருமுறை வரும் செய்திமடலில் வாசகர் வட்டத்தை உருவாக்கலாம். ஏற்கெனவே சந்தாதாரர்களைக் கொண்ட பொதுச் செய்தித் தளங்களின் கூட்டாளியாகச் செயல்படலாம். ஒவ்வொரு புலனாய்வுக்கும் தனியாக நிதி திரட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சந்தா வருவாயில் சிறிய, நிலையான ஒரு பங்கைப் புதிய எழுத்தாளர்களுக்கென ஒதுக்கி, அதை ஆண்டறிக்கையில் வெளியிடலாம். மேற்கண்ட அனுமானக் கணக்கில், ஒரு கட்டுரைக்கு 5,000 ரூபாய் வீதம் மாதம் 10 கட்டுரைகளுக்கு ஆகும் செலவு 50,000 ரூபாய். அதாவது, வரிக்கும் கட்டணங்களுக்கும் பிந்தைய வருவாயில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

வாசகர் நிதி, கேமிங் இதழியலை விளம்பரதாரரின் பிடியிலிருந்து விடுவிக்க இயலும் என்பதை 2023-க்குப் பிந்தைய அனுபவம் உணர்த்தியுள்ளது. ஆனால் அது இதுவரை காப்பாற்றியது பெரும்பாலும் ஏற்கெனவே அறியப்பட்ட பெயர்களை. இனி அத்தளங்களின் வெற்றியை அளக்க, சந்தாதாரர் எண்ணிக்கையுடன் மற்றொன்றையும் கேட்க வேண்டும்: கடந்த ஓராண்டில் அவை எத்தனை புதிய பெயர்களின் எழுத்தை ஊதியம் கொடுத்து வெளியிட்டன?